மரை பிடிக்காத குண்டு

மேலப்பாளையத்தில் தெருவெல்லாம் தறிச் சத்தம்தான். மதாருடைய வாப்பா நெசவாளி, அண்ணன்மாரும் நெசவாளிகள். மதாருக்கு மட்டும் நூலில் கை ஓடவில்லை. இளவயதில் பட்டாளத்து ஆயுதக் கொட்டகையில் அரம் பிடிக்கும் வேலைக்குப் போனார். பட்டாளம் கலைந்த பிறகு சர்க்கார் லைசென்சு வாங்கி, பாளையங்கால்வாய்க் கரையில் ஓர் ஓட்டுச் சாய்ப்பில் துப்பாக்கி மராமத்துக்கு உட்கார்ந்தார். ஜில்லாவில் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களில் பாதிப்பேர் அவரிடம்தான் வந்தார்கள்.

துருவையும் பிசிறையும் கண்டால் அவருக்கு மனது கிடந்து உழலும். ஒரு திருகாணியின் தலையில் கறை இருந்தாலும் தேய்த்துப் போக்கிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். அவர் கையிலிருந்து திரும்பும் துப்பாக்கியில் முகம் பார்க்கலாம் என்று ஊரில் பேச்சு. அந்தப் பேச்சு அவருக்குப் பிடித்தும் இருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டாம் வருஷம் கார்த்திகையில், களக்காட்டு மலையடியிலிருந்து அப்பாத்துரை என்பவர் வண்டி கட்டி வந்து இறங்கினார். பச்சையாற்றங்கரையில் கிருபாபுரம் என்ற சின்ன வேதக்கார ஊர், கிறிஸ்தவர்கள் குடியேறியது. அங்கே வயல் வைத்துப் பயிர் செய்கிறவர், நாற்பதைத் தொடும் வயது. கோணிச் சாக்கில் சுற்றியிருந்த ஒற்றைக்குழல் ரைஃபிளையும், குண்டு வார்க்கிற இடுக்கி போன்ற இரும்பு அச்சையும் மதாரின் முன்னால் வைத்தார்.

"எங்க அப்பா ஒரு தோட்டத்துத் துரைகிட்ட வாங்கினது, சாயபு. அவுக போனப்புறம் நெல்லுப் பெரைக்குள்ளயே கெடந்துட்டு. லைசென்சு இப்பதான் எம் பேருக்கு மாறிச்சு."

மதார் குழலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பார்த்தார். உட்சுவரில் திருகிக்கொண்டு போகும் வரிப்பள்ளங்களை மரை என்பார்கள். குண்டைச் சுழலவிட்டு நேராகப் போகச் செய்வது அந்த மரைதான். இந்தக் குழலில் மரை இருந்த இடமெல்லாம் செம்மண் பூசியதுபோல் துரு ஏறியிருந்தது.

"நெல்லு ஆவி பட்டா இரும்பு தாங்காதுலா அண்ணாச்சி. இத வச்சி என்னத்தச் சுடப் போறீய, பன்னியா?"

அப்பாத்துரை உடனே பதில் சொல்லவில்லை. வண்டிக்காரன் காதில் விழாத தூரத்துக்குப் போனபிறகு சொன்னார். "கரடி."

இலந்தை பழுக்கும் காலத்தில் கரடி மலையை விட்டு இறங்குவது புதிதல்ல. ஆளைக் கண்டால் உறுமிவிட்டு விலகிப் போய்விடும். இந்த வருஷம் இறங்கிய ஒன்று விலகுவதில்லை. இசக்கியம்மா என்று ஒருத்தி, விறகு பொறுக்கப் போனவள். புதருக்குள்ளிருந்து ஓசையே இல்லாமல் வந்து எழுந்து நின்று அவள் தலையைப் பிடித்துவிட்டது. தூக்கி வந்தபோது மண்டைத் தோல் முதுகில் தொங்கிற்று. இரண்டு நாள் முனகிவிட்டுச் செத்தாள். அதற்குப் பிறகு ஊரில் யாரும் அதன் பெயரைச் சொல்வதில்லை. மலையாள் என்று சொன்னார்கள்.

"எங்க ஊருல துப்பாக்கி உள்ளவன் நான் ஒருத்தன்தான். எல்லாரும் எம் மூஞ்சியப் பாக்காங்க. நான் முயலக்கூட ஒழுங்காச் சுட்டதில்ல, சாயபு."

மதார் வேலையில் இறங்கினார். குழலுக்குள் ஈயக் கட்டை ஒன்றைச் செலுத்தி, சாணைக்கல் பொடியும் எண்ணெயும் விட்டு, முன்னும் பின்னும் இழுத்துத் தேய்த்தார். துருவின் கடைசிப் புள்ளி போகும்வரை விடவில்லை. மரை மறுபடி மின்னியது. அச்சிலும் ஒரு குறை இருந்தது. அதன் இரண்டு பாதிகளும் சரியாகப் படியாமல், வார்த்த குண்டின் விலாவில் தகடுபோல் ஒரு பிசிறு நின்றது. பாதிகளின் முகங்களை அரத்தால் ராவி, ஒன்றோடொன்று ஒட்டிப் படியும்படி செய்தார். அதன்பிறகு குண்டுகள் தையலே தெரியாமல் விழுந்தன. தேன்மெழுகும் ஆட்டுக் கொழுப்பும் கலந்து தடவி, கரிமருந்து நிரப்பிய பித்தளைக் கூடுகளில் பொருத்திக் கொடுத்தார்.

குளத்துப் பொட்டலில் வெட்டிப்போன பனையின் அடித்தூர் ஒன்றைக் குறிவைத்து அப்பாத்துரை இரண்டு முறை சுட்டார். இரண்டும் பட்டன. மகிழ்ச்சியோடு வண்டி ஏறினார்.

மார்கழி பிறக்குமுன் திரும்பி வந்துவிட்டார். முகம் சரியில்லை.

"மொத ரெண்டு வெடி நல்லா போவுது. பொறவு எங்கன போவுதுன்னே தெரியல. ஆலமரத்தக் குறி வச்சா ஆத்துல தண்ணி தெறிக்கி."

மதார் குழலுக்குள் பார்த்தார். தோட்டா இருக்கும் இடத்தை ஒட்டி, மரையின் பள்ளங்களில் சாம்பல் நிறத்தில் ஏதோ அப்பியிருந்தது. கம்பியால் சுரண்டினார். செதில் செதிலாக ஈயம் உதிர்ந்தது.

ஈயம் மெத்தென்று இருப்பதால்தான் குழலில் ஒட்டுகிறது என்று அவருக்குத் தோன்றியது. பட்டாளத்துக் கொட்டகையில் பெரியவர்கள் அப்படிச் சொல்லக் கேட்டிருந்தார். கெட்டியான ஈயம் ஒட்டாது. அச்சுக்கூடத்தில் தேய்ந்துபோன எழுத்துகளைக் கழித்துப் போடுவார்கள், அது கெட்டியான கலப்பு. அதில் ஒரு பொட்டலம் வாங்கி வந்து, பாதிக்குப் பாதி கலந்து உருக்கினார்.

அவர் மனைவி ஷரீபா பீவி அடுப்புக்கு விறகு தள்ள வந்தவள், கரண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். குட்டிக் குட்டி எழுத்துகள் ஒவ்வொன்றாகக் குழைந்து அமிழ்ந்துகொண்டிருந்தன.

"இதுல வேதக்காரவுக பைபிள் எழுத்தும் கெடக்குமோ என்னமோ. உருக்கிக் குண்டாக்குதீய. எனக்கு என்னமோ செய்யுது."

"எழுத்துன்னா எல்லா எழுத்துந்தான். கரடியக் கொன்னா நாலு உசுரு பொழைக்கும்லா" என்றார் மதார்.

புதுக் குண்டு நகத்தால் கீறினால் கோடு விழாத அளவுக்குக் கெட்டியாக இருந்தது. அன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. மலையடியில் ஆடு மேய்த்த ஒரு கிழவரையும் கரடி கிழித்துவிட்டது என்று அப்பாத்துரையைத் தேடி ஆள் வந்திருந்தான். அதனால் ஒரே ஒரு தோட்டாவைத்தான் பொட்டலில் சுட்டுப் பார்த்தார்கள். நிறுத்தியிருந்த பலகையில் குண்டு பட்டது. ஆனால் துளை வட்டமாக இல்லை. குண்டு படுத்தவாக்கில் உள்ளே போனது போல நீளமாக இருந்தது.

மதார் அந்தத் துளையில் விரலை வைத்துப் பார்த்தார். பலகை சாய்ந்திருந்திருக்கும் என்று நினைத்தார். பலகை சாயவில்லை என்பதையும் அவர் கண்கள் பார்த்தன. பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. விரலை எடுத்துவிட்டுத் தொழுகைக்கு நடந்தார்.

அதற்குப் பிறகு நடந்தவை அவர் பின்னால் தெரிந்துகொண்டவை.

அப்பாத்துரையின் வயல்காவல்காரர் சிவசைலம் மலைக்காட்டை அறிந்தவர். கரடி எந்த வழியாக ஆற்றுக்கு இறங்குகிறது, எந்த இலந்தைப் புதரில் விடியும்வரை மேய்கிறது என்று பார்த்து வைத்திருந்தார். வேட்டைக்குப் போவதற்கு முந்தின சாயங்காலம், கை பழகட்டும் என்று அப்பாத்துரை ஒரு பூசணிக்காயை வைத்துப் பல தடவை சுட்டார். எதிலும் திருப்தி வரவில்லை. மருந்துக் கரியை ஈரத்துணியால் துடைத்தார். கரி போயிற்று. ஈயம் போகவில்லை. கெட்டி ஈயம் ஒட்டாது என்று நம்பியிருந்ததால் அது இருப்பதும் அவருக்குத் தெரியவில்லை.

விடிகாலையில் இருவரும் புதருக்கு எதிரே ஒரு பாறைச் சரிவில் இருந்தார்கள். துப்பாக்கி அப்பாத்துரையிடம், வெட்டரிவாள் சிவசைலத்திடம். பனி விலகும்போது கரடி வெளியே வந்தது. புற்று ஒன்றை நோண்டிக்கொண்டு, பக்கவாட்டில், இடம் நகராமல், கல் எறிந்தால் படும் தூரத்தில் நின்றது. இதைவிட நல்ல குறி எவனுக்கும் கிடைக்காது. அப்பாத்துரை நெஞ்சைக் குறிவைத்துச் சுட்டார். குண்டு இடுப்பில் போய்ப் பட்டது.

கரடி அலறிக்கொண்டு புகை வந்த திசைக்கே ஓடி வந்தது. அப்பாத்துரை அடுத்த தோட்டாவைப் போடத் தடவிக்கொண்டிருந்தார். சிவசைலம் அவருக்கு முன்னால் வந்து நின்று அரிவாளை ஓங்கினார். ஒரு வெட்டு விழுந்தது. அதற்குள் கரடி அவர் முகத்தைப் பிடித்துவிட்டது.

அது நொண்டிக்கொண்டு ஓடி மறைந்தபோது சிவசைலத்துக்கு ஒரு கண்ணும் கீழ்த் தாடையின் ஒரு பக்கமும் இல்லை. உயிர் இருந்தது.

களக்காட்டிலிருந்து சந்தைக்கு வந்த ஒரு வண்டிக்காரர் இதையெல்லாம் மதாரின் சாய்ப்பில் உட்கார்ந்து சொன்னார். எவரும் துப்பாக்கியைக் குறை சொல்லவில்லை. அப்பாத்துரைக்குக் கை நடுங்கிவிட்டது என்றார்கள். சிலர் அது கரடியே இல்லை, பேய் என்றார்கள். மதார் முடியும்வரை கேட்டார். பிறகு அரப்பெட்டியை எடுத்துக்கொண்டு அதே வண்டியில் ஏறினார். என்ன விஷயம் என்று ஷரீபா பீவி கேட்டதற்கு, "ஒரு தொளையப் பாத்தேன்" என்று மட்டும் சொன்னார்.

கிருபாபுரத்தில் பகலிலேயே கதவுகள் சாத்தியிருந்தன. காயம்பட்ட கரடி இப்போது பாதையில் எவனைக் கண்டாலும் துரத்துகிறது என்றார்கள். ஆற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் பெண்கள் கூட்டமாகப் போய் ஓட்டமாக வந்தார்கள்.

அப்பாத்துரை வீட்டு முற்றத்தில் மதார் துப்பாக்கியைக் கழற்றினார். குழலின் அடிப்பக்கம் மரையே தெரியவில்லை. பள்ளங்களை ஈயம் தூர்த்திருந்தது. களக்காட்டு மருந்துக் கடையிலிருந்து பாதரசம் வாங்கிவரச் செய்து, குழலுக்குள் விட்டு இரண்டு முனையையும் அடைத்து உருட்டினார். பாதரசம் ஈயத்தைத் தின்றது. சாய்த்தபோது வெள்ளிக் குழம்பாக வழிந்தது. பிறகு, கலப்பில்லாத மெத்தென்ற ஈயத்தில் ஒரு கட்டை செய்து, எண்ணெய் தடவி, குழலின் ஒரு வாயிலிருந்து மறுவாய்க்கு மரக்கம்பால் பையத் தட்டித் தள்ளினார். அந்தக் கட்டை குழலின் உள்வாயைத் தன்மேல் அச்சாக வாங்கிக்கொண்டு வெளியே விழுந்தது. மரையின் வரி ஒவ்வொன்றும் அதன் விலாவில் பதிந்திருந்தது.

அதன் பக்கத்தில் தான் வார்த்த குண்டு ஒன்றை நிறுத்தினார். பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. குண்டு சிறியது. அதைக் குழலுக்குள் போட்டால் இரும்பைத் தொடாமலே இறங்கும். குண்டைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தால் அந்தப் பக்கம் இன்னும் ஒடுக்கம்.

அவர் இரண்டையும் மாற்றி மாற்றி விரலில் உருட்டிப் பார்த்தார்.

"என்ன சாயபு?" என்றார் அப்பாத்துரை.

"துரு போவணும்னு கொழலத் தேச்சேன், அது அகண்டுட்டு. பிசிறு போவணும்னு அச்ச ராவினேன், குண்டு ஒடுங்கிட்டு. ரெண்டையும் நாந்தான் செஞ்சேன், அண்ணாச்சி."

அப்பாத்துரைக்குப் புரியவில்லை. மதார் கட்டையையும் குண்டையும் அவர் உள்ளங்கையில் வைத்துச் சொன்னார். குண்டு குழலை அடைத்துக்கொண்டு போக வேண்டும். அடைக்காவிட்டால் மருந்து எரிந்த நெருப்புக் காற்று சந்து வழியாகக் குண்டை முந்தி ஓடும். ஓடும்போது குண்டின் விலாவை அரித்து உருக்கி, குழலின் சுவரில் பூசும். பூசிப் பூசி மரை மூடிப்போகும். மரை பிடிக்காத குண்டு சுழலாது, புரண்டு புரண்டு போகும்.

"ஈயம் மெத்துன்னு இருந்துச்சே, அதுவாவது வெடி வேகத்துல கொஞ்சம் வீங்கிச் சந்த அடைச்சிருக்கும். நான் அதயும் கெட்டியாக்கிட்டேன். ஒட்டுதது ஈயத்தோட கொணம்னு நெனச்சேன். அளவுதான் பெசகு. பலகையில தொள நீளமா விழுந்துச்சி. பாத்தேன். பாத்துட்டுத் தொழப் போயிட்டேன்."

அப்பாத்துரை வாசலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இத யாருகிட்டயும் சொல்லாண்டாம். சொல்லி என்ன ஆவப் போவுது? எங் கை நடுங்கிட்டுன்னே இருக்கட்டும். எனக்கே அப்படித்தான் தோணுச்சி."

"ஒம்ம கை நடுங்கல."

அதைக் கேட்டதும் அப்பாத்துரை முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார்.

சிவசைலத்தின் வீடு ஊரின் கடைசியில், வயலைப் பார்த்து இருந்தது. உள்ளே பச்சிலை வாடையும் அதையும் மீறிய சீழ் வாடையும் வந்தது. மூச்சு இழுத்து இழுத்து விடும் சத்தம் கேட்டது. அவர் மனைவி கோமு வாசற்படியில் நின்றாள். மதார் முற்றத்தில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் குறைக்கவில்லை.

கோமு நடுவில் குறுக்கிடாமல் கேட்டாள். கேட்டு முடித்தபிறகு, உள்ளே மூச்சிழுக்கும் பக்கமாக ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"ஏன் சாயபே இத எங்கிட்ட வந்து சொன்னீரு? நேத்து வரைக்கும் அந்த மிருகத்தத்தான் வைஞ்சிக்கிட்டுக் கெடந்தேன். அது என்ன செய்யும், வாயில்லாத செம்மம். இனிமே நான் ஒரு மனுசனல்லா வையணும்."

மதார் ஓர் அடி முன்னால் எடுத்து வைத்தார்.

"போவும். அவுக முழிச்சா ஒம்ம மொகத்தப் பாக்காண்டாம்."

மூன்றாம் நாள் சிவசைலம் இறந்தார். ஊரார் சுடுகாட்டுக்குப் போகும்போது கரடி அண்டாதபடி முன்னும் பின்னும் தகரம் தட்டிக்கொண்டு போனார்கள். மதாரும் போனார். பாடைக்கு எட்டத்திலேயே நடந்தார். அவர்கள் தீ வைத்துத் திரும்பும்போது சரிவின் மேலே, புதர்களுக்குள், உறுமல் ஒன்று கேட்டது. எல்லாரும் நெருக்கியடித்துக்கொண்டு இறங்கினார்கள்.

மதார் ஊர் திரும்பவில்லை. அப்பாத்துரை வீட்டுத் தொழுவத்தின் ஓரமாக அடுப்புப் போட்டார். ஈயக் கட்டையின் அளவுக்கு ஒரு குடைகருவி செய்து, அச்சின் உள்வாயைக் கொஞ்சங் கொஞ்சமாக அகட்டினார். வார்ப்பார், குழலுக்குள் விட்டுத் தட்டிப் பார்ப்பார், தலையை ஆட்டிவிட்டு மறுபடி உருக்குவார். கடைசியில் வந்த குண்டு குழலைவிட மயிரளவு பெரிது. விலாவில் பிசிறு இருந்தது. அதைக் கத்தி முனையால் வழித்தாரே தவிர அச்சில் கை வைக்கவில்லை. பித்தளைக் கூட்டின் வாயைச் சற்று விரித்துப் பொருத்தினார்.

வயலில் வைத்துச் சுட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு வெடிக்கும் பிறகு மதார் குழலுக்குள் பார்த்தார். கரி இருந்தது, ஈயம் இல்லை. பலகையில் துளைகள் எல்லாம் வட்டமாக, ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு விழுந்தன. அவர் முகம் தெளியவில்லை.

"நான் வர மாட்டேன், சாயபு" என்றார் அப்பாத்துரை. "என்னால முடியாது. அவன் எனக்கு முன்னால வந்து நின்னது கண்ணுலயே நிக்கி."

"துப்பாக்கி ஒம்ம பேருலல்லா இருக்கு. நீருதான் சுடணும். இந்தத் தடவ அவரு நின்ன எடத்துல நான் நிக்கேன். குண்டு தப்பிச்சுன்னா கரடி மொதல்ல எங்கிட்டதான் வரும்."

அடுத்த நாள் காலை வெயில் ஏறியபிறகு போனார்கள். நொண்டுகிற காலின் தடம் மணலில் இழுபட்டுக் கிடந்தது. ஆற்றோரத்துத் தாழைக்குள் அது போயிருந்தது. கிட்ட நெருங்க நெருங்க அழுகல் நாற்றம் வந்தது. அதன் இடுப்பிலும் சீழ் பிடித்திருக்க வேண்டும். சிவசைலத்தின் வீட்டு வாசலில் வந்த அதே வாடை என்று மதாருக்குத் தோன்றியது. அப்பாத்துரை எடுத்து வைத்திருந்த சிவசைலத்தின் அரிவாள் அவர் கையில் இருந்தது. அதைப் பிடிக்கக்கூட அவருக்குச் சரியாகத் தெரியாது. கலிமாவை வாய்க்குள் சொல்லிக்கொண்டார்.

பறவைச் சத்தம் நின்றது. தாழை மடல்கள் அசைந்தன. அப்பாத்துரை, "கர்த்தாவே" என்றார். கரடி முன்னங்கால்களைத் தூக்கி எழுந்து நின்றது. நெஞ்சின் வெள்ளைக் கோடு தெரிந்தது. அவ்வளவு கிட்டத்தில் அதன் மூச்சின் இரைச்சல்கூடக் கேட்டது. மதார் விலகவில்லை, கண்ணையும் மூடவில்லை. காதருகே வெடி விழுந்தது.

புகை கலைந்தபோது கரடி தாழை வேருக்குள் தலையைச் செருகிக் கிடந்தது. கால்கள் கொஞ்சநேரம் மண்ணைக் கீறின. அப்புறம் நின்றுபோயின.

ஊரார் மேளம் கொண்டுவரப் புறப்பட்டார்கள். அப்பாத்துரை வேண்டாம் என்று தடுத்துவிட்டார். தோலை உரித்தபோது மதார் கேட்டதற்கு, இடுப்பெலும்பில் தங்கியிருந்த பழைய குண்டை எடுத்துக் கொடுத்தார்கள். அதன் விலாக்கள் தீ நக்கியதுபோல் குழிந்திருந்தன. மரை பதிந்த தடம் ஒன்றுகூட இல்லை. மதார் அதை ஆற்றில் போட்டார்.

ஊர் திரும்பும் வழியில் கோமுவின் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஆள் நடமாட்டம் கேட்டது. தட்டாமல் கொஞ்சம் நின்றுவிட்டு நடந்தார்.

அந்த வருஷத்துக்குப் பிறகு மதாரின் கையிலிருந்து வந்த துப்பாக்கிகள் முன்போல மின்னவில்லை என்று சிலர் குறைப்பட்டார்கள். குழலில் துருவின் தழும்புகளை அப்படியே விட்டுவிடுவார். ஒரே தடவை சுட்டுப் பார்த்துவிட்டு எடுத்துப் போகிறேன் என்றால் கொடுக்கமாட்டார். கை தளர்ந்துவிட்டது, வயதாகிவிட்டது என்றார்கள். வருகிறவர்கள் குறைந்தார்கள். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

அப்பாத்துரை துப்பாக்கியைப் போலீஸ் தாணாவில் ஒப்படைத்துவிட்டு லைசென்சைப் புதுப்பிக்காமல் விட்டார். கோமு கிருபாபுரத்தை விட்டு நாங்குநேரிப் பக்கம் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். போகுமுன் ஒரு நாள் அப்பாத்துரையின் மனைவியிடம், "அந்தச் சாயபு இன்னும் உசுரோட இருக்காரா?" என்று கேட்டாளாம். இருக்கிறார் என்று சொன்னதற்கு, "இருக்கட்டும்" என்றாளாம். அந்தச் சொல்லைச் சந்தைக்கு வந்த வண்டிக்காரர் மதாரிடம் கொண்டுவந்து சேர்த்தார். அவள் அதை எந்தக் குரலில் சொன்னாள் என்று மதார் திரும்பத் திரும்பக் கேட்டார். வண்டிக்காரருக்கு அது தெரியவில்லை.